தந்தையாரின் கோட்டும் வெறுங்காலும்

என்னொத்த வயதினரே, இதனை எழுதவேண்டி வந்தமைக்குக் காரணம் ஒரு நிழற்படம். எங்கள் குடும்பத்து இளையோர் கைப்பேசியில் நடத்தும் குழுவொன்றில் அண்மையில் என் தந்தையாரின் படம் பகிரப்பட்டது. கரிய கோட்டு, கோடிட்ட கழுத்துப்பட்டி, நிமிர்ந்த தலை. அதன் கீழே, "எங்கள் பூட்டனார் அந்தக் காலத்திலேயே கோட்டும் சூட்டுமாக வாழ்ந்த கனவான்" என்று வெளிநாட்டில் வாழும் பேரன் முறையான ஒருவன் எழுதியிருந்தான். பலர் கைகூப்பியும் இதயம் வரைந்தும் மகிழ்ந்திருந்தனர். தன் திருமணத்துக்கு அதே வெட்டில் ஒரு கோட்டுத் தைக்கப் போவதாக இன்னொருவன் அறிவித்திருந்தான்.

தந்தையாரிடம் கோட்டு இருந்ததில்லை. தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அணிந்தார். அதுவும் வெற்றிலை ஒருவாய் மென்று முடிக்கும் நேரத்துக்கு. அன்றியும், பகிரப்பட்ட படம் இடுப்போடு வெட்டப்பட்டிருக்கிறது. என் தமக்கையார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார் என்பதற்கான விளக்கம் அந்த வெட்டப்பட்ட பகுதியிலேயே இருக்கிறது. அன்று உடனிருந்தவர்களுள் எஞ்சியிருப்பவன் நான் மட்டுமே. ஆதலால் நடந்ததை நடந்தவாறு பதிந்து வைக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒன்று. 'மேலங்கி' என்று எழுதவே என் கை விரும்புகிறது. ஆயினும் எங்கள் வீட்டுக்குள் அது கோட்டு என்றே நுழைந்தது, மூடிய தோற்காலணி சப்பாத்து என்றே நுழைந்தது. இவ்விரண்டையும் வந்த பெயரோடு விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்கு அண்மையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கில் இருந்தது. தந்தையார் வயலும் உடையவர். கோயிலின் பொறுப்பை ஏற்ற வண்ணக்கரும் ஆவார். வயலுக்கு இடுப்பில் சுற்றும் சாரன், கோயிலுக்கு வேட்டியும் சால்வையும். சட்டை நகரத்துக்கு உரியது. அது பெட்டகத்தினுள் பூச்சியுருண்டை மணத்தோடு மடிந்து கிடக்கும். வெளியே எடுத்தால் மடிப்பு மார்பின் குறுக்கே சிலுவைபோல் நிற்கும். சிறுவராகிய எங்களுக்குப் பின்புறம் ஒட்டுப்போட்ட ஒரு கால்சட்டை போதுமாயிருந்தது.

சப்பாத்தை நான் அருகிருந்து கண்டது மருத்துவர் ஒருவரின் வருகையால். தாயாருக்குக் காய்ச்சல் கண்ட நாளில் அவர் வந்து, படியோரம் அவற்றைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார். நான் குனிந்து முகர்ந்தேன். தோல், மெழுகு, வியர்வை ஆகிய மூன்றும் கலந்த ஒரு மணம். காலை உள்ளே விட்டபோது அவருடைய சூடு இன்னும் அங்கே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு சிந்தையில்லை. கமுக மடலை வெட்டி, வாழைநாரால் காலோடு கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். சரக்குச் சரக்கென்ற அதன் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. தமக்கையார் அதனைக் கேட்டு, அலுவலகம் செல்லும் அதிகாரியைக் கண்டவர்போல், "கந்தோருக்கு வெளிக்கிட்டாச்சா, துரை?" என்பார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியது அந்த வெள்ளாண்மை அறுவடைக்குப் பின்னர். எங்கள் பகுதியில் மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே மாப்பிள்ளை பார்த்தல் என்பது பெண்ணை ஓரிடத்துக்கு அனுப்பும் ஏற்பாடன்று. அறியாத ஓர் ஆளை வீட்டுக்குள் எடுக்கும் ஏற்பாடு. அவர் எங்கள் கிணற்றில் குளிப்பார், எங்கள் பாயில் உண்பார். இதனாலேயே முழு உருவப் படம் கேட்டு வாங்குவார்கள்.

முதற்படத்தைக் கொண்டுவந்தவர் தாயின் தமையனார். அவரை நான் அம்மான் என்பேன். செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்துத் தந்தையாரிடம் நீட்டினார்.

"கந்தோரில கிளாக்கர், மச்சான். தாய்வழிக் குடியும் பிழையில்ல. ஆளப் பாருங்க."

தந்தையார் படத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். திரையில் எழுதிய மாளிகைப் படிக்கட்டு. அதன் முன்னே ஒரு காகிதப் பூச்சாடி. சாடிமேல் ஒரு கையை வைத்தபடி அந்த எழுதுவினைஞர். கோட்டு, கழுத்துப்பட்டி, அடியில் மினுங்கும் சப்பாத்து.

"நல்ல உடுப்பு," என்றார் தந்தையார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தாயார் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சப்பாத்தோடயா வீட்டுக்குள்ள வருவார்? இப்பதான் நிலம் மெழுகின."

"இன்னும் கதச்சே முடியல்ல. அதுக்குள்ள நீ நிலத்தப் பாக்கிறாய்," என்றார் அம்மான்.

எனக்கோ அன்றே திருமணம் முடிந்துவிட்டது. சப்பாத்து அணிந்த ஒருவர் எங்கள் படியில் அவற்றைக் கழற்றி வைப்பார், நாள்தோறும் வைப்பார். படம் அலுமாரிக் கண்ணாடியில் செருகப்பட்டிருந்தது. நான் போகும்போதும் வரும்போதும் அதனைப் பார்த்தேன். கோட்டின் நடுப்பொத்தான் மற்றவற்றைவிடப் பெரிதென்பதையும் அதன் விளிம்பில் ஒரு சிறு உடைவு இருந்ததையும் நான் அறிந்ததுபோல் வேறு எவரும் அறிந்திலர்.

சாதகங்கள் ஒப்புநோக்கப்பட்டுக்கொண்டிருக்கையில் இரண்டாவது படம் வந்தது. இதனையும் அம்மானே கொண்டுவந்தார், ஆனால் விருப்பமின்றி. வாவியின் மேற்குப்புறமாகிய படுவான்கரையில் ஒரு பள்ளியில் துணையாசிரியர், வயற்காரக் குடும்பம்.

"காட்டச் சொன்னாங்க, காட்டுறன். மறுகா எனக்குக் குற வேணாம்."

படத்தைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மான், அதே பொத்தான்!"

"எதுடா?"

அலுமாரியிலிருந்து முதற்படத்தை இழுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அதே படிக்கட்டு, அதே பூச்சாடி, அதே கோட்டு, அதே உடைந்த பொத்தான். ஆயினும் இந்தப் படத்தில் கோட்டுக்குக் கீழே வேட்டியிருந்தது. வேட்டிக்குக் கீழே வெறுங்கால்கள். கழுத்துப்பட்டியும் இல்லை. கால்விரல்கள் விரிந்து நிலத்தை நன்றாகப் பற்றியிருந்தன.

தந்தையார் இரு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பின்னர் தந்தையார் தீர்ப்பைச் சொன்னார்.

"கோட்டு கிளாக்கர்ர. இவன் இரவல் வாங்கிப் போட்டிருக்கான்."

"கோட்டக் குடுத்த மனிசன் சப்பாத்தக் குடுக்கல்லப் போல," என்றார் அம்மான்.

"களிசானும் குடுக்கல்ல!" என்று காற்சட்டைக் குறையையும் சேர்த்தார் தந்தையார்.

இருவரும் சிரித்த சிரிப்பில் தந்தையார் வாய் வெற்றிலை புரையேறித் தாயார் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. வாவியின் கிழக்கே எழுவான்கரையாராகிய எங்களுக்கு அக்கரையிலிருந்து தயிரும் நெல்லும் வரும், கோட்டு வராது. எழுதுவினைஞர் ஆசிரியரிடம் இரவல் வாங்கியிருக்கலாம் என்று ஒருவரும் எண்ணவில்லை. கோட்டு அவ்விருவருக்குமே உரியதன்று என்னும் எண்ணம் இன்னும் தொலைவில் இருந்தது.

அக்கா கதவு நிலையோரம் நின்றிருந்தார். படங்களை அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்திருக்கிறார்.

"கோட்டு ஆர்ரயோ, தெரியா. கால் எண்டாலும் அவர்ர காலுதானே, அப்பா," என்றார்.

"கால் எல்லாருக்கும் இரிக்கி, புள்ள."

"இரிக்கிறதக் காட்டினது அவர்தானே."

அம்மான் தலையைத் திருப்பித் தாயாரைப் பார்த்தார். "என்னகா உன்ர மகள் இப்பிடிக் கதைக்கிறாள்?"

"அவளோட வாழப் போற ஆள். அவள் கதைக்காம நீங்களா கதைக்கிற?" என்றார் தாயார். ஆயினும் அவர் குரலில் உறுதி இல்லை. தந்தையார் படுவான்கரைப் படத்தைச் செய்தித்தாளில் மீண்டும் சுற்றி, கூரை வளையில் செருகிவிட்டார். எழுதுவினைஞரின் வீட்டார் பெண்ணின் படம் கேட்டிருப்பதாகவும், நகரத்துக்குப் போய் எடுத்து அனுப்புவதென்றும் முடிவாயிற்று.

அதன்பின் அக்கா அதுபற்றிப் பேசவில்லை. என் கமுகமடல் ஓசைக்கும் நகைக்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் மட்டும், "படம் போனா எல்லாம் முடிஞ்சிரும், தம்பி. மறுகா அப்பாவால வாக்க மாத்த ஒண்ணா," என்றார். வாக்கு என்பது வண்ணக்கருக்கு எத்தகையது என்று எனக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் சப்பாத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன்.

நகரத்துக்குப் புறப்பட்டவர் மூவர்: தந்தையார், அக்கா, நான். பேருந்து ஆரையம்பதியைக் கடக்கையில் சாளரம் வழியே கருவாட்டு மணம் வந்தது. காத்தான்குடியில் இறங்கி, புடைவைக் கடையொன்றில் அக்காவுக்குச் சேலை எடுத்தோம். கடைக்காரர் துணிக்கட்டுகளைப் பாயில் உருட்டி விரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மனே, உனக்கென்ன வேணும்?"

"சப்பாத்து."

"யா அல்லாஹ்! பொம்புளைக்குச் சீல எடுக்க வந்து, பொடியன் மாப்புள மாதிரிக் கேக்கான்," என்று அவர் சிரித்தார். தந்தையாரும் சிரித்தார். அக்கா சேலையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் தேர்ந்தது கரும்பாக்கு நிறம். மணப்பெண் படத்துக்கு அது இருண்டது என்று கடைக்காரர் சொன்னதைக் கேளாதவர்போல் இருந்தார்.

படப்பிடிப்பு நிலையம் நகரத்தில், பாலத்துக்கு அப்பால், ஒடுங்கிய தெருவொன்றின் மாடியில் இருந்தது. உள்ளே வெப்பமும் மருந்துநெடியும். படம் பிடிப்பவர் வாயாடி; மீசையைச் சீப்பினால் வாருபவர். அக்காவைப் பூச்சாடியருகே நிறுத்தி, "ஒள்ளுப்பம் சிரிங்க, தங்கச்சி. கலியாணப் படம், செத்த வீட்டுப் படமில்ல," என்றார். அக்கா சிரிக்கவில்லை. விளக்கு ஒளிர்ந்து அணைந்தது.

"ஐயாவும் ஒண்டு எடுங்களன்," என்றார் அவர். "கோயில் வண்ணக்கர் எண்டிங்க. சுவரில கொழுவ ஒரு படம் வேணாமா? கோட்டு இரிக்கி."

மூலையில் இருந்த திரையை அவர் ஒதுக்கினார்.

ஆணியில் அந்தக் கோட்டுத் தொங்கியது. நடுப்பொத்தானை நான் கண்டேன். அக்காவும் கண்டார். தந்தையாரும் கண்டார் என்பது அவர் சால்வையைப் பற்றிய கையில் தெரிந்தது.

"இது ஆர்ர கோட்டு?"

"எங்கட கோட்டுத்தான், ஐயா. ஆரு வந்தாலும் இதத்தான் போடுற. கிளாக்கர்மாரும் இது, வாத்திமாரும் இது. தோட்டத்துக் கங்காணியும் இதுதான் போட்டவர்."

நான் கோட்டைச் சுற்றி வந்தேன். முதுகுப்புறம் கழுத்திலிருந்து அடிவரை பிளந்திருந்தது. மெலிந்தவருக்கு இறுக்கவும் பருத்தவருக்கு விரிக்கவும் நாடாக்கள் தைத்திருந்தன. கழுத்துப்பட்டி முடிச்சோடு ஒரு கொளுக்கியில் கிடந்தது. கீழே என் சப்பாத்துகள். முற்புறம் மினுங்கின. குதியைப் பார்த்தேன். எவர் காலும் நுழையும்படி இரண்டையும் பின்னால் வெட்டித் திறந்திருந்தார்கள். வெட்டிய தோல் மடிந்து, காய்ந்த வாழைச்சருகுபோல் இருந்தது.

தந்தையார் அப்போது ஏன் கையை நீட்டினார் என்று நான் பலகாலம் எண்ணியதுண்டு. திரும்பியிருக்கலாம். கடிந்திருக்கலாம். அவரோ சால்வையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் கோட்டினுள் கைகளை நுழைத்தார். படம் பிடிப்பவர் பின்னால் நாடாவை இறுக்கினார், கழுத்துப்பட்டியைக் கொளுவினார். கண்ணாடியில் தம்மைக் கண்டதும் தந்தையாரின் தலை தானாகவே நிமிர்ந்தது. இன்று குழுவில் எல்லோரும் வியக்கும் அந்த நிமிர்வு பொய்யன்று. அவருக்கு அது பிடித்திருந்தது.

"இந்தாங்க, சப்பாத்து."

தந்தையார் வலக்காலை வைத்துப் பார்த்தார். குதி திறந்திருந்தும் பயனில்லை; சேற்றில் விரிந்த அவர் விரல்கள் முன்வாயிலேயே நின்றுவிட்டன. மற்றக் காலை வைத்துப் பார்க்கவில்லை.

"போடல்லயா, அப்பா?" என்று அக்கா கேட்டார். குரலில் குறும்பு இருந்ததா என்று எனக்கு உறுதியில்லை.

"வராது, புள்ள."

"பரவால்ல, ஐயா," என்றார் படம் பிடிப்பவர். "முழங்காலோட வெட்டி எடுப்பம். கால் வராது."

தந்தையார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பூச்சாடியருகே போய் நின்று, வெறுங்கால்கள் இரண்டையும் சமமாக வைத்தார். ஒருமுறை குனிந்து அவற்றைப் பார்த்தார்.

"இல்ல. கால் வரட்டும்," என்றார்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சற்றுமுன் சிரியென்றபோது சிரிக்காதவரின் தோள்கள் குலுங்கின. படம் பிடிப்பவர் ஒன்றும் விளங்காமல் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

வீடு திரும்பினோம். அம்மான் எங்களுக்காகக் காத்திருந்தார். தந்தையார் வளையில் செருகியிருந்த படத்தை எடுத்துப் பிரித்து, அலுமாரிக் கண்ணாடியில் வைத்தார்.

"மச்சான், அக்கரைக்கு ஆள் அனுப்புங்க."

"ஏன், கிளாக்கருக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. கோட்டு அவர்ர இல்ல."

"அப்ப இவன்ர கோட்டா?"

"இவன்ரயும் இல்ல. இப்ப அது என்ர," என்று சொல்லிவிட்டுத் தந்தையார் கிணற்றடிக்குப் போனார். அம்மான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் படம் எவருக்கும் அனுப்பப்படவில்லை.

அந்த எழுதுவினைஞரைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னர் எங்கள் வீட்டில் அவரை ஏமாற்றுக்காரர் என்றே குறிப்பிட்டார்கள். அது நேர்மையன்று. கோட்டுத் தம்முடையது என்று அவர் எவரிடமும் சொன்னவரல்லர். அவருக்கு அதனை உரிமையாக்கியவர்கள் நாங்கள். பிற்காலத்தில் அலுவலாக அவரைச் சந்திக்க நேர்ந்தது. தேய்ந்த செருப்பும் கைமடித்த வெள்ளைச் சட்டையுமாக, வந்தவரை இருக்கச்சொல்லிப் பேசுகின்ற மனிதர். எங்கள் வீட்டுக்கு அவர் வந்திருந்தாலும் குறையிருந்திராது.

திருமணத்தன்று மணமகன் தோணியேறி வாவியைக் கடந்து வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, சால்வை, கோட்டு இல்லை. வழக்கப்படி பெண்ணின் தம்பியாகிய நான் வாசலில் அவர் கால்களைக் கழுவினேன். படத்தில் கண்ட அதே விரிந்த விரல்கள். வலக்காற் பெருவிரல் நகம் பிளந்திருந்தது. செம்புநீர் அவற்றின்மேல் ஓடியபோது எனக்கிருந்த ஒரே துயரம், கழற்றி வைக்கச் சப்பாத்து இல்லையே என்பதுதான். மோதிரம் தந்தார், அதனால் ஓரளவு ஆறினேன்.

அவர் எனக்கு அத்தானாகிப் பல்லாண்டு கழிந்தபின் ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் படத்துக்கு ஏன் சப்பாத்துப் போடல்ல, அத்தான்?"

"போட்டுப் பாத்தன், மச்சான். முன்னால பாத்தாச் சப்பாத்து, பின்னால பாத்தாச் செருப்பு. உங்கட வீட்டில இருக்கப்போற ஆள் நான். பின்னாலயும் பாப்பிங்கதானே?"

"கோட்டும் பின்னால வெட்டினதுதானே?"

அவர் சிறிது தயங்கினார். "போட்டிருந்த சேட்டு முழுக்கச் சேறு. தோணியில வரக்குள்ள பட்டது. மறைக்க வேணுமே."

அக்கா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "பாத்தியா, தம்பி! சேத்துக்குத்தான் நான் கழுத்த நீட்டியிரிக்கன்," என்றார். இருவரும் நெடுநேரம் நகைத்தார்கள். அவர்கள் வாழ்வு எப்படியிருந்தது என்று கேட்போருக்கு நான் இதற்குமேல் சொல்வதில்லை.

என் உடையைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியப் பணி கிடைத்தபோது முதல் வேலையாகச் சப்பாத்து வாங்கினேன். கொழும்பில் ஒரு நேர்முகத்துக்காகக் கோட்டும் தைத்தேன். அளவெடுத்தவரிடம் முதுகை இருமுறை காட்டச்சொல்லிப் பார்த்தேன். அது எனக்கு நன்றாக அமைந்தது, ஆயினும் அதனுள் நான் விருந்தாளியாகவே இருந்தேன். நாளடைவில் எனக்குரியது எதுவென்று தெரிந்தது: முழங்கைக்குக் கீழே இருமடிப்பு மடித்த வெள்ளைச் சட்டை, பாக்குநிறக் காற்சட்டை, வார்வைத்த தோற்செருப்பு. அந்த மடிப்பை எவரிடமிருந்து எடுத்தேன் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. இன்றும் எவர் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தாலும் முதலில் குதியைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் விலையைத் தேடுகிறேன் என்று எண்ணுகிறார்கள்.

எழுதுவினைஞரின் படம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அத்தானின் படம் போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்தது. பூச்சியுருண்டை மணத்த அந்தப் பெட்டகமும் அதனோடு போயிற்று. அக்கா தம் கையோடு கொண்டுசென்றமையால் தந்தையாரின் படம் மட்டும் தப்பியது.

நினைவில் எழுதியவற்றில் பிழை இருக்கும். கரிய கோட்டு என்று மேலே எழுதினேன். அக்கா தம் இறுதிவரை அது கரும்பச்சை என்றே சாதித்தார். பூச்சாடி இடப்புறமா வலப்புறமா என்பதிலும், நிலையம் மாடியிலா கீழ்த்தளத்திலா என்பதிலும் ஐயமுண்டு. உங்களுள் சிலரோ உங்கள் தந்தையரோ அந்தத் திரைக்குப் பின்னே நின்றிருக்கக்கூடும். வீட்டுச் சுவரிலுள்ள படங்களை இறக்கிப் பாருங்கள். நடுப்பொத்தான் பெரிதாகவும் விளிம்பு உடைந்ததாகவும் இருந்தால் அது அதே கோட்டுத்தான். நான் தவறியிருப்பின் திருத்தி எழுதுங்கள். சான்றாகப் படத்தையும் அனுப்புங்கள். ஒன்றே வேண்டுகிறேன்: வெட்டாமல் அனுப்புங்கள். கால் வரட்டும்.